டியூப்லெஸ் மாத்தினா நெருஞ்சி முள் தொல்லை தீருமா?

பெடல்புலி | 8 ஜனவரி 2023

டியூப்லெஸ் போட்டா பஞ்சரே ஆகாதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நிஜமா? வண்டி 27.5 இஞ்ச், டயர் 2.2 அகலம், கம்பி பீடு (பீடுன்னா ரிம்முல மாட்டி உட்காருற டயர் ஓரம்). ரிம் இரட்டைச் சுவர், உள் அகலம் 21 மி.மீ., வால்வு ஓட்டை மோட்டார் பைக் வால்வு சைஸ். ஓட்டுறது மதுக்கரை பக்கம் மண் பாதை. மழை நின்னு நெருஞ்சி காய ஆரம்பிச்சாச்சு, வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். ரிம்மையும் டயரையும் மாத்தணுமா, இருக்கிறதை வச்சே செய்யலாமா?

மேட்டுப்பாதை | 8 ஜனவரி 2023

ஓட்டை விழத்தான் செய்யும். விழுந்தது உங்களுக்குத் தெரியாமலே அடைந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் உங்கள் பஞ்சர் எந்த வகை என்று பழைய டியூபை எடுத்துப் பாருங்கள். தரையைத் தொடும் பக்கம் ஊசி குத்தியது போல ஒற்றை ஓட்டை என்றால் முள். ரிம் பக்கமாக இரண்டு கீறல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாம்புக் கடி: காற்று குறைவாக இருந்து, கல்லில் மோதி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் நட்ட நடுவில் ஒற்றை ஓட்டை என்றால் போக்ஸ் கம்பி முனையோ ரிம் பட்டை நகர்ந்ததோ காரணம். அதற்கு டியூப்லெஸ் தேவையே இல்லை, இருபது ரூபாய் பட்டை போதும்.

நெருஞ்சிதான் என்றால் உங்களுக்கு நல்ல காலம். அதன் காய் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். ஆனால் முள் குட்டையானது, ஓட்டை ஒன்றரை மி.மீ.கூடத் தாண்டாது. டயருக்குள் ஊற்றி வைக்கும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட்டுக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. சீமைக் கருவேலம் வேறு ரகம், அதைப் பிறகு எழுதுகிறேன்.

ரிம்மை மாற்ற வேண்டாம். டயரை மாற்றுங்கள். சாதாரண கம்பி பீடு டயரில் பக்கச்சுவரில் ரப்பர் மெல்லிசு, நூல் இடுக்கு வழியாக சீலன்ட் ஒரு வாரம் வேர்த்துக்கொண்டே இருக்கும். பீடும் ரிம்மில் இறுக்கமாக உட்காராது. டயர் பக்கச்சுவரில் 'டியூப்லெஸ் ரெடி' என்றோ டிஎல்ஆர், டிஆர் என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

சீலன்ட் சக்கரத்துக்கு 60 மி.லி. போக்ஸ் ஓட்டைகளை மூட ரிம்முக்குள் ஒட்டும் டேப் உள் அகலத்துக்குச் சமமாக, 21 மி.மீ.

சங்கிலித்தடம் | 9 ஜனவரி 2023

ரெண்டு எண்ணும் தப்பு.

21 உள் அகலத்துக்கு 21 டேப் போட்டா ஓரத்துல பத்தாது. ரிம்முக்கு நடுவுல பள்ளம் இருக்கு. டேப் அந்தப் பள்ளத்துல இறங்கி ஏறணும், அதுக்கே 2, 3 மி.மீ. போயிடும். 24 அல்லது 25 வாங்குங்க. பீடு உட்காருற திண்டு முழுசும் டேப் மூடணும், ரிம் சுவர்ல ஏறக்கூடாது.

60 மி.லி. குளிர் ஊர்க் கணக்கு. நம்ம வெயிலுக்கு 27.5 × 2.2ல 100. பாதி டயருக்குள் சுவர்ல ஒட்டிக் காய்ஞ்சே போயிடும்.

மேட்டுப்பாதை | 9 ஜனவரி 2023

டேப் விஷயம் சரிதான். ரிம்மின் குறுக்கு வெட்டை மறந்து தட்டையாக நினைத்து எழுதிவிட்டேன். 60 என்பது 26 × 2.0 பந்தய டயருக்கு நான் போட்டுப் பழகிய அளவு. புது டயருக்கு முதல் தடவை 100, அதன் பிறகு காயக் காய மேலூற்ற 40 முதல் 50 என்று வைத்துக்கொள்ளலாம்.

பெடல்புலி | 11 ஜனவரி 2023

வால்வுக்கு என்ன செய்யறது? ஸ்கூட்டர் டியூப்லெஸ் வால்வு 30 ரூபாய்க்குக் கிடைக்குதே, அதைப் போடலாமா? இன்சுலேஷன் டேப் வீட்ல கிடக்குது. அதுவும்?

சங்கிலித்தடம் | 11 ஜனவரி 2023

ரெண்டும் வேண்டாம்.

மேட்டுப்பாதை | 12 ஜனவரி 2023

காரணத்தைச் சொல்லாமல் போனால் அடுத்த ஆள் அதையே கேட்பார்.

ஸ்கூட்டர் வால்வு 11.5 மி.மீ. ஓட்டைக்கானது. உங்கள் ரிம்மில் இருப்பது 8.5. துளைத்துப் பெரிதாக்கினால் ரிம் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். சைக்கிளுக்கென்றே பைக் வால்வு அளவில் டியூப்லெஸ் வால்வு வருகிறது, அதை வாங்குங்கள். சைக்கிளுக்கான மெல்லிய பிரெஸ்டா வால்வுதான் கிடைத்தது என்றால் ஓட்டையைச் சுருக்க ஒரு புஷ் சேர்த்துப் போட வேண்டும். என் ஓட்டு பைக் வால்வுக்கே. துவாரம் அகலம், சீலன்ட் காய்ந்து அடைப்பது குறைவு, எந்த ஊர் பஞ்சர் கடையிலும் அப்படியே காற்றடிக்கலாம். பிரெஸ்டா என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலேஷன் டேப் பிவிசி. வெயிலில் பசை இளகி வழுக்கும், டேப் சுருங்கும், போக்ஸ் ஓட்டை வழியாகக் காற்று ரிம்முக்குள் போகும். அப்புறம் வால்வு ஓரத்தில் சோப்புத் தண்ணீர் குமிழி விடும், நீங்கள் வால்வைக் குறை சொல்வீர்கள். பாலிப்ரொப்பிலீன் ஸ்டிராப்பிங் டேப், மஞ்சளாக இருக்குமே, அதுதான் சரக்கு. 27.5 ரிம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.85 மீட்டர். இரண்டு சக்கரம், இரண்டு சுற்று என்றால் ஏழரை. 10 மீட்டர் ரோல் ஒன்று போதும்.

ரப்பர்காடு | 15 ஜனவரி 2023

நாகர்கோவில்லேர்ந்து எழுதுதேன். சீலன்ட்டுன்னு கடையில வெள்ளையா விக்கானே, பாதிக்குப் பாதி எங்க ஊரு ரப்பர் பால்தான். மரத்துல எடுத்த பால் உறையாம இருக்க அமோனியா சேக்கிறது, ஷீட் அடிக்க ஆசிட் ஊத்தி உறைய வைக்கிறது, இது தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை. டயருக்குள்ளயும் அதே சங்கதிதான். ஓட்டை வழியா பால் பீச்சும்போது தண்ணி போயி ரப்பர் திரியும். கூடவே கிடக்கிற நாரும் துகளும் ஓட்டையில சிக்கி அடைச்சிரும்.

ஆனா தோட்டத்துப் பாலை அப்படியே ஊத்திராதீங்க. நானே சொல்லுதேன். அது செறிவாக்காத பால், தண்ணி ஜாஸ்தி, நார் கிடையாது. ரெண்டு வாரத்துல டயருக்குள்ள கொழுக்கட்டை பிடிச்சிரும். அமோனியா கூடிப்போச்சுன்னா போக்ஸ் முனையில இருக்க அலுமினிய நிப்பிளையும் அரிச்சிரும். வீணா எதுக்கு.

சங்கிலித்தடம் | 15 ஜனவரி 2023

கொழுக்கட்டை கரெக்ட்டான வார்த்தை. ஆறு மாசம் திறக்காத டயர்ல கடல் பிராணி மாதிரி ஒண்ணு உருண்டுக்கிட்டு இருக்கும்.

பெடல்புலி | 21 ஜனவரி 2023

டயர் வந்தாச்சு. மடக்கு பீடு (ஓரத்துல கம்பி இல்லாதது), 27.5 × 2.25, டியூப்லெஸ் ரெடி. டேப் 25. வால்வு பைக் சைஸ். சீலன்ட் 500 மி.லி. எங்கிருந்து ஆரம்பிக்க?

மேட்டுப்பாதை | 22 ஜனவரி 2023

பழைய ரிம் பட்டையைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ரிம்மை இரண்டு தடவை துடையுங்கள். கை கழுவும் சானிட்டைசர் ஜெல் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கிறது, டேப் பிடிக்காது. ரிம் இணைப்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பற்ற வைத்த இணைப்பு என்றால் நகம் தடுக்காது. பின் அடித்துச் சேர்த்தது என்றால் ஒரு விளிம்பு தட்டுப்படும். 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் டேப்பை அறுக்கும்.

டேப்பை வால்வு ஓட்டைக்கு நேர் எதிரில் ஆரம்பியுங்கள். ஒரு கையால் நன்றாக இழுத்துப் பிடித்து, மறு கை கட்டைவிரலால் பள்ளத்தின் நடுவில் முதலில் அழுத்தி, பிறகு இரு ஓரமும். சுருக்கம் விழுந்தால் உரித்துவிட்டு மறுபடியும் ஒட்டுங்கள். சுருக்கம் என்பது காற்று போக ஒரு வாய்க்கால். இரண்டு சுற்று முடிந்து 10 செ.மீ. மேலேறியதும் வெட்டுங்கள்.

அடுத்து பொறுமை வேண்டிய வேலை. பழைய டியூபைப் போட்டு, டயரை ஏற்றி, 40 பிஎஸ்ஐ அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டேப் பள்ளத்தில் படிந்து ஒட்டும். டயரின் இரண்டு பீடும் உட்கார்ந்துவிடும். காலையில் ஒரு பக்க பீடை மட்டும் கழற்றி டியூபை உருவுங்கள். மறுபக்கம் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், காற்றடிக்கும்போது பாதி வேலை மிச்சம்.

வால்வு ஓட்டையைக் கத்தியால் கீறாதீர்கள், கீறல் ஓடும். ஆணியை அடுப்பில் காய வைத்து உள்ளிருந்து குத்துங்கள். உருகிய விளிம்பு கிழியாது. வால்வைச் செருகி நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம். காட்டில் டியூப் போட வேண்டி வந்தால் அந்த நட்டை உங்கள் விரல்தான் கழற்ற வேண்டும்.

சங்கிலித்தடம் | 22 ஜனவரி 2023

டேப் ஆரம்பம் பத்தி எனக்கு வேற அபிப்பிராயம். வால்வுக்கு 10 செ.மீ. முன்னாடி ஆரம்பிச்சு, வால்வைத் தாண்டி 10 செ.மீ.ல முடிச்சா வால்வுகிட்ட ஒரு சுற்று கூடும். லீக் ஆகுற இடமே அதுதானே.

மேட்டுப்பாதை | 23 ஜனவரி 2023

மூன்று அடுக்கு டேப் மேல் வால்வின் ரப்பர் அடி சரியாகப் பதியாது, டேப் முனையும் அங்கேயே இருந்தால் சீலன்ட் அடியில் புகுந்து உரிக்கும். அடி கூம்பு வடிவம் என்றால் உங்கள் முறையும் ஓடும். சதுர ரப்பர் அடி என்றால் ஓடாது. அவர் வாங்கியது எது?

பெடல்புலி | 23 ஜனவரி 2023

கூம்பு. ஆனா எதிர்ப்பக்கமே ஆரம்பிச்சுட்டேன்.

டியூபை உருவிட்டு ஃப்ளோர் பம்ப்ல அம்பது தடவை அடிச்சேன். பீடு ஏறவே இல்ல, புஸ்ஸுனு ஓரம் வழியா போகுது.

சங்கிலித்தடம் | 23 ஜனவரி 2023

வால்வு பின்னை (வால்வுக்குள்ள திருகியிருக்கிற காத்தடைப்பான்) கழட்டிட்டு அடிங்க. பின் இருந்தா காத்து நூல் மாதிரிதான் போகும். பீடு ஓரம் முழுக்க சோப்புத் தண்ணி. சக்கரத்தைத் தொங்க விட்டு அடிங்க, தரையில நிக்க வச்சா அடிப்பக்கம் பீடு உள்ள அமுங்கிடும். அப்பவும் ஏறலைன்னா பழைய டியூபை டயரைச் சுத்திக் கட்டி முறுக்குங்க. நடு அமுங்கினா ஓரம் ரெண்டும் ரிம் பக்கம் விரியும். அதுக்கும் மசியலைன்னா பஞ்சர் கடை கம்ப்ரஸர்.

மேட்டுப்பாதை | 23 ஜனவரி 2023

கம்ப்ரஸர் என்றால் இரண்டு எச்சரிக்கை. கடைத் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். மோட்டார் பைக் டயர் கணக்கில் கடைக்காரர் ஒரே பிடியாகப் பிடித்தால் மடக்கு பீடு ரிம்மை விட்டுத் தாண்டி, காது அடைக்கும் சத்தத்தோடு பறக்கும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். டயர் பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. அது 40க்கு மேல் இருந்தாலும் இந்த அகலத்துக்கு 40ல் நிறுத்திவிடலாம். 'டப்', 'டப்' என்று இரண்டு பக்கமும் சத்தம் கேட்ட பிறகு, பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பாருங்கள். ஓரிடத்தில் அமிழ்ந்திருந்தால் பீடு அங்கே உட்காரவில்லை.

இன்னொன்று. சீலன்ட் ஊற்றாமல் முதலில் வெறும் காற்றில் உட்கார வையுங்கள். கடை வாசலில் வெள்ளை அபிஷேகம் மிச்சம்.

பெடல்புலி | 24 ஜனவரி 2023

யூடியூப்ல 2 லிட்டர் சோடா பாட்டில்ல காத்தை ஏத்தி ஒரே அடியா திறந்து விடுறாங்களே?

ரப்பர்காடு | 24 ஜனவரி 2023

பாட்டில் வெடிச்சுதுன்னா மூடி எங்க போவும்னு நெனைக்கீங்க? கடைக்குப் போயிட்டு வாங்க, பத்து ரூவா.

பெடல்புலி | 25 ஜனவரி 2023

கடைக்குப் போனேன். ரெண்டு நிமிஷ வேலை. டப்பு டப்புன்னு ஏறிடுச்சு. இப்ப சீலன்ட்.

மேட்டுப்பாதை | 25 ஜனவரி 2023

பாட்டிலை ஒரு நிமிடம் குலுக்குங்கள். நாரும் துகளும் அடியில்தான் தங்கும், குலுக்காமல் ஊற்றினால் முதல் சக்கரத்துக்கு வெறும் பால்தான் போகும். காற்றை விட்டுப் பின்னைக் கழற்றி, வால்வை மணி நான்கு நிலையில் வைத்து, சிரிஞ்சும் ஒரு துண்டு டியூபும் கொண்டு 100 மி.லி. செலுத்துங்கள். உட்கார்ந்த பீடு அப்படியே நிற்கும். பின்னைப் போட்டு 35 அடியுங்கள்.

பிறகு சக்கரத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பது போல ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் வாளி மேல் படுக்க வைத்து அரை மணி, புரட்டி அரை மணி. பக்கச்சுவரில் பொட்டுப் பொட்டாக ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அடைந்துகொண்டிருக்கிறது. அன்றே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்தால் சீலன்ட் அடியில் குளமாகத் தங்கிவிடும், மேல்பாதி பூசப்படாது.

முதல் மூன்று நாள் காற்று இறங்கும். அதன் பிறகு வாரம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்குவது சகஜம்.

சங்கிலித்தடம் | 25 ஜனவரி 2023

சட்டையில பட்டா உடனே ஈரத்துணியால துடைங்க. காய்ஞ்சா அந்தச் சட்டை இனி சீலன்ட் ஊத்தற சட்டை.

பெடல்புலி | 2 பிப்ரவரி 2023

எவ்வளவு பிஎஸ்ஐ வைக்கிறது? எடை 74. டியூப் இருந்தப்ப ரெண்டுக்கும் 40.

சங்கிலித்தடம் | 2 பிப்ரவரி 2023

முன்னாடி 25, பின்னாடி 28ல ஆரம்பிங்க. வளைவுல டயர் நெளியுதுன்னா ஒண்ணு கூட்டுங்க. கல்லுல ரிம் 'டங்'னு அடிச்சா ரெண்டு கூட்டுங்க. 21 ரிம் ஒடுக்கம், ரொம்பக் குறைச்சா திருப்பத்துல பீடு ஒரு நொடி விலகி காத்து ஏப்பம் விடும். டயர் ஓரத்துல புதுசா வெள்ளைக் கறை தெரிஞ்சா அதுதான்.

மேட்டுப்பாதை | 3 பிப்ரவரி 2023

பாம்புக் கடி இனி கிடையாது என்று எழுத வந்தேன், பாதி உண்மை. நசுங்க டியூப் இல்லை. ஆனால் 20க்குக் கீழே ஓட்டிக் கல்லில் மோதினால் டயரே ரிம் விளிம்பில் வெட்டுப்படும், அதுவும் பீடை ஒட்டி. அந்த இடத்தில் சீலன்ட்டும் நிற்காது, ஓட்டையில் செருகும் பட்டையான பிளக்கும் பிடிக்காது. டயர் காலி.

பெடல்புலி | 26 பிப்ரவரி 2023

நெருஞ்சியைப் பத்திக் கவலையே இல்ல. ஆனா இன்னிக்கு பின் டயர்ல சீமைக் கருவேல முள், உடைஞ்சு உள்ள நிக்குது. பிடுங்கவா, விடவா?

ரப்பர்காடு | 26 பிப்ரவரி 2023

காத்து போவலைன்னா அங்கயே கிடக்கட்டும். வீட்டுக்கு வந்து பிடுங்குங்க.

மேட்டுப்பாதை | 26 பிப்ரவரி 2023

ஆமாம், வீட்டில்தான். அந்த முள் இரண்டு அங்குலம் வரை வளரும், அடி தடிமனாக இருக்கும். இப்போது அதுவே அடைப்பான். குறடால் பிடுங்கியதும் ஓட்டையைக் கீழே கொண்டுபோய் ஒரு நிமிடம் வையுங்கள், சீலன்ட் தேங்கும். மூன்று மி.மீ. வரை தானாக அடையும். அதற்கு மேல் பிளக் போட வேண்டும். பாட்டில் மேல் 6 மி.மீ. அடைக்கும் என்று எழுதியிருப்பதை நம்பிப் பாதையில் நிற்காதீர்கள்.

பிளக் சைக்கிளுக்கானது ஒன்றரை மி.மீ., மூன்றரை மி.மீ. என்று வரும். கார் கிட்டில் இருக்கும் தடித்த பட்டை இந்த மெல்லிய டயரில் ஓட்டையைக் கிழித்துவிடும். வேறு வழியில்லை என்றால் நீளவாக்கில் இரண்டாக உரித்துப் போடலாம். அந்தக் கிட்டோடு வரும் தடி ஊசியைப் பயன்படுத்தாதீர்கள். இரு முனையும் 5 மி.மீ. வெளியே நிற்கும்படி செருகி, ஊசியை வெடுக்கென்று உருவுங்கள். மெதுவாக இழுத்தால் பிளக்கும் கூடவே வரும்.

சங்கிலித்தடம் | 27 பிப்ரவரி 2023

பையில டியூப் ஒண்ணு கட்டாயம். யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு: டியூப்லெஸ்ல ஆறு மாசம் ஓட்டின டயர் உள்பக்கம் முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். அத்தனை முள்ளும் அடைஞ்சு நின்னது. அதுக்குள்ள புது டியூபைப் போட்டு 35 அடிச்சா ஒரே நேரத்துல பத்து பஞ்சர். டியூப் போடறதுக்கு முன்னாடி துணியை உள்ளே ஓட்டுங்க, விரலை இல்ல. துணி சிக்குற இடத்துலல்லாம் முள்.

டயர் கிழிஞ்சா உள்ளே பற்பசை டியூபை வெட்டி வச்சு அதுமேல டியூப் போட்டு வீடு சேரலாம்.

மேட்டுப்பாதை | 5 மார்ச் 2023

கார்பன் டை ஆக்ஸைடு குப்பியால் காற்றடிக்கலாம் என்று வேறொருவர் தனியாகக் கேட்டார். அடிக்கலாம். ஆனால் அந்த வாயு சில ரப்பர் பால் சீலன்ட்டை உறைய வைக்கும். வால்வை உச்சியில் வைத்து அடியுங்கள், நேராகக் குளத்தில் பீச்ச வேண்டாம். வீடு வந்ததும் வெளியே விட்டுச் சாதாரணக் காற்று அடித்துவிடுங்கள்.

பெடல்புலி | 16 ஏப்ரல் 2023

பின் சக்கரம் ராத்திரிக்கு ராத்திரி 10 பிஎஸ்ஐ இறங்குது. ஜனவரியில ஊத்தின சீலன்ட். அதுக்குள்ளயா?

சங்கிலித்தடம் | 16 ஏப்ரல் 2023

அதுக்குள்ளதான். ஏப்ரல், மே வெயில்ல ரெண்டரை மாசமே ஜாஸ்தி. காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, களக் களக்னு கேக்கணும். கேக்கலைன்னா பின்னைக் கழட்டி மெல்லிய கேபிள் டையை உள்ள விட்டு எடுங்க, ஆயில் டிப்ஸ்டிக் மாதிரி. நுனி நனையலைன்னா 50 மி.லி. ஊத்துங்க. வண்டியைக் கார் கூரையில ஏத்தி வெயில்ல நிறுத்தறவங்க இன்னும் சீக்கிரம்.

மேட்டுப்பாதை | 17 ஏப்ரல் 2023

பைக் கடைகளில் விற்கும் பச்சை, நீலக் கிளைக்கால் பஞ்சர் ஜெல் காயாது என்பதால் அதை ஊற்றலாமே என்று தோன்றும். காயாததுதான் அதன் குறையும். டயரின் பக்கச்சுவர் வேர்வையை அது அடைக்காது, கனம் வேறு.

இந்த இழையின் தொடக்கத்தில் டியூப்லெஸ்ஸை எல்லாருக்கும் பரிந்துரைப்பது போல எழுதிவிட்டேன். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் வண்டி எடுப்பவருக்கு இது சரிப்படாது. ஒவ்வொரு முறையும் காய்ந்த டயரைத்தான் திறப்பார். அவருக்கு, வால்வு பின்னைக் கழற்றக்கூடிய டியூபில் அதே ஜெல்லை 60, 70 மி.லி. ஊற்றி விடுவது மேல். நெருஞ்சி ஓட்டையை அது அடைக்கும். பாம்புக் கடியை அடைக்காது. கனத்தில் டியூப்லெஸ்ஸுக்கு ஒன்றும் பெரிய லாபமில்லை. டியூப் 200 கிராம் போனால் சீலன்ட் 100, டேப்பும் வால்வும் 20, 30 என்று திரும்பி வந்துவிடும்.

ரப்பர்காடு | 17 ஏப்ரல் 2023

நல்லவேளை, ஜெல் டியூபுக்குள்ளதான்னு சொன்னீங்க. ரப்பர் பாலோட கலந்து ஊத்துனா ரெண்டும் சேந்து தயிராயிரும், பாத்துக்கிடுங்க.

பெடல்புலி | 23 ஏப்ரல் 2023

50 ஊத்தினேன், நின்னுடுச்சு. முன் டயரை நல்ல வெளிச்சத்துல வச்சு ஊசிமுனைக் குறடால நோண்டினேன், 31 நெருஞ்சி முனை வந்துச்சு. ஒவ்வொண்ணு பிடுங்கும்போதும் ஒரு சொட்டு பால், அடைப்பு. வால்வு பின்லதான் ரப்பர் பிடிச்சு காத்து உள்ளேயும் போகல, வெளியேயும் வரல.

சங்கிலித்தடம் | 23 ஏப்ரல் 2023

பின்னைப் புதுசா போடுங்க, பைக் கடையில அஞ்சோ பத்தோ. வால்வு தண்டுக்குள்ள ஒட்டியிருக்கிறதை அலென் சாவியால குத்தி விடுங்க. கையோட அந்த வால்வு நட்டு விரல்ல கழலுதான்னும் பாத்து வைங்க.

பெடல்புலி | 23 ஏப்ரல் 2023

கழலல.